கேபிள் அக்காவின் மூன்றாவது பரீட்சை

என் வீட்டுக்காரியைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று யாரும் கேட்க வேண்டாம். பதினேழு வருஷமாக அவளிடம் திட்டு வாங்குகிறவன் நான், அது போதும். எனக்குத் தொழில் கார் சீட் கவர் தைப்பது. அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் வேலை. ஒரு கம்ப்யூட்டரில் தட்டியது இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர நடுவில் ஒயர் ஓட வேண்டும். அந்த ஒயர்களெல்லாம் வந்து சேர, சுவிட்ச் என்கிற தட்டையான இரும்புப் பெட்டிகள் வேண்டும். அந்தப் பெட்டிகளுக்கு அம்மாவும் அப்பாவும் இவள்தான். காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை அங்கே எல்லோருக்கும் இவள் ‘கேபிள் அக்கா’.

சேர்ந்தபோது அவளுக்கு ஏணியில் ஏறுகிற வேலை. ஆள் ஒல்லி, அதனால் கூரைப் பலகைகளுக்கு மேலே ஊர்ந்து போய் ஒயர் இழுப்பாள். தலையெல்லாம் தூசியோடு வீட்டுக்கு வருவாள். “அப்பா, எலி வந்தாச்சு” என்பாள் எங்கள் மகள். பார்த்துப் பார்த்தே பெட்டிகளின் வேலையையும் கற்றுக்கொண்டு, இரண்டாம் மாடியில் லிஃப்டுக்குப் பின்னால் இருக்கிற நெட்வொர்க் அறைக்கே பொறுப்பாளி ஆனாள். பதினோரு வருஷம். அந்த அறையில் அவள் கை படாத ஒயர் ஒன்றுகூடக் கிடையாது. எங்காவது பேங்குக்குப் போனால் கவுண்டருக்கு அடியில் சிக்கலாகத் தொங்குகிற ஒயர்களைக் குனிந்து பார்த்து, “எந்த மகராசன் கட்டினான் இதை?” என்பாள். “வந்த வேலையைப் பாரு தாயே” என்று நான்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் வேலைகளை ஒரு புதுக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதன் மேனேஜர் மேடம் முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொல்லிவிட்டார். நெட்வொர்க் அறையில் வேலை செய்பவர்களுக்கு முறையான சர்டிபிகேட் வேண்டும். மூன்று மாதம் அவகாசம். மூன்றாவது மாதம் முப்பதாம் தேதிக்குள் வாங்காதவர்கள் மறுபடியும் ஏணி வேலைக்குப் போகலாம், அதுவும் வேறு கட்டடத்தில். இவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இடது முட்டி போன வருஷமே மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. ஏணி என்றால் வேலை போன மாதிரிதான்.

“பதினோரு வருஷம் ஓடின நெட்வொர்க்குக்கு இப்ப என்ன புதுசா சர்டிபிகேட்?” என்று நான் குதித்தேன்.

“கத்தினா சர்டிபிகேட் வந்துடுமா? புஸ்தகம் வாங்கிட்டு வாங்க” என்றாள்.

புத்தகமா அது? தலையணை. இரண்டு பாகம்.

முதல் தடவை போய்த் தோற்றாள். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு கேள்வியாக வரும். விடை தெரியாவிட்டால் விட்டுவிட்டு, கடைசியில் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இவள் நினைத்திருக்கிறாள். அங்கே அந்தக் கதை நடக்காது. தாண்டினால் தாண்டியதுதான். இரண்டாம் தடவை அது தெரிந்து போனாள். ஆயிரத்துக்கு எண்ணூறு எடுக்க வேண்டும், எழுநூற்று எழுபத்தாறில் நின்றது. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காதாம்.

மூன்றாவது பரீட்சைக்குக் கடைசி மாதம் இருபத்தேழாம் தேதிதான் இடம் கிடைத்தது. அதிலும் போனால் அடுத்ததற்குப் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இதுதான் கடைசி. அப்போதுதான் நானும் களத்தில் இறங்கினேன். கேள்விகளை அட்டை அட்டையாக எழுதினாள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. காலையில் அவள் காய் நறுக்கும்போது நான் தையல் மெஷினில் உட்கார்ந்து கேட்பேன். ஒரு தையல், ஒரு கேள்வி. ஆரம்பத்தில் எனக்கு எழவு ஒன்றும் புரியவில்லை, வாசித்தேன், அவ்வளவுதான். ஒரு மாதம் போனபின் அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் வாயில் விடை வந்து நின்றது. “பேசாம நீங்களே போய் எழுதிடுங்கப்பா” என்றாள் மகள்.

கைப்பழக்கத்துக்காக ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்த உபரி சுவிட்ச் ஒன்றை, கேட்டு, கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள். அதன் விசிறி என் தையல் மெஷினைவிட அதிகமாகக் கத்தும். அந்தப் பெட்டியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பிறகு நடந்ததெல்லாம் அதனால்தான். ஆஸ்பத்திரிக்குள் ஓடுகிற தகவல், வரிசை வரிசையாகப் பிரித்து ஓடும். லேபுக்கு ஒரு வரிசை, மருந்துக் கடைக்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று. ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். இந்தப் பட்டியல் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். யாராவது பட்டியலைத் திருத்தினால், எத்தனையாவது திருத்தம் என்று பெட்டியே எண்ணிக்கொள்ளும். ஒரே குழுப் பெயர் வைத்த பெட்டிகளில் எதற்குத் திருத்த எண் பெரியதோ, அது சொல்வதுதான் சட்டம். மற்ற பெட்டிகள் எல்லாம் தம் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு அதன் பட்டியலை எழுதிக்கொள்ளும். கேள்வி கேட்காது.

இவள் வீட்டுப் பெட்டிக்கு ஆஸ்பத்திரியின் குழுப் பெயரையே வைத்தாள், ஆஸ்பத்திரியின் எண்களையே போட்டாள். “நிஜம் மாதிரி இருந்தாத்தாங்க கை பழகும்” என்றாள். நான் எண்களைச் சொல்லச் சொல்ல அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தட்டுவாள். முடித்ததும் பட்டியல் முழுவதையும் அழிப்பாள். அழிப்பதும் ஒரு திருத்தம்தான், எண் ஏறும். மறுபடி முதலிலிருந்து. ஆறு வாரம், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. பரீட்சைக்கு முதல் நாள் கடைசியாக ஒருமுறை அழித்துவிட்டு, துணியில் சுற்றி எடுத்துப் போய் ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். திருத்த எண்ணைப் பூஜ்யமாக்காமல் பயன்படுத்திய பெட்டியை ஓடுகிற நெட்வொர்க்கில் மாட்டக் கூடாது. அதற்கு ஓர் அட்டையே உண்டு. அந்த அட்டைக்கு அவள் ஒரு தடவைகூடத் தப்பாக விடை சொன்னதில்லை. பரீட்சை ஜுரத்தில் செய்ய மறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

இருபத்தேழாம் தேதி காலை என் ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல் மாடியில் பரீட்சை அறை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஆறு கம்ப்யூட்டர்கள். கைக்கடிகாரம்கூட உள்ளே போகக் கூடாது. கடிகாரம், கைப்பை, போன் எல்லாவற்றையும் என் மடியில் கொட்டினாள்.

“கை நடுங்குதுங்க” என்றாள்.

“நடுங்கட்டும். மண்டை நடுங்காம பார்த்துக்கோ.”

பத்து மணிக்கு உள்ளே போனாள். பத்து இருபத்தைந்துக்கு அவள் போன் அடித்தது. திரையில் ‘சர்டிபிகேட்’ என்று பெயர். புதுக் கம்பெனி மூன்று வாரத்துக்கு முன்னால் அனுப்பிய ஆளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. மனுஷருக்கு வயது ஐம்பதை நெருங்கும், கையில் சர்டிபிகேட் இருக்கிறது, ஆஸ்பத்திரி மட்டும் இன்னும் பழகவில்லை.

“அக்கா! எல்லாம் போச்சுக்கா!”

“அக்கா இல்லைங்க, அக்கா வீட்டுக்காரர். அவ பரீட்சை எழுதிட்டிருக்கா. என்ன போச்சு?”

“ஆஸ்பத்திரி மொத்தமும் டவுன் சார். லேப் ரிசல்ட் வார்டுக்குப் போகலை, மருந்துச் சீட்டு கீழ வரலை. ஆபரேஷன் தியேட்டர்ல டேபிள் மேல ஆள் படுத்திருக்கு, எக்ஸ்ரே படம் திரைக்கு வரலைன்னு டாக்டர் கத்துறாரு. அக்காவைக் கூப்பிடுங்க சார், உங்க காலைப் பிடிச்சுக்கறேன்!”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணுமே பண்ணலை சார். மூணாவது மாடில ஒரு சுவிட்ச் செத்துப்போச்சு. அலமாரில ஒண்ணு துணி சுத்தி இருந்துச்சு, எடுத்து மாட்டினேன். ரெண்டே செகண்டுல எல்லாப் பெட்டிலயும் லிஸ்ட் காலி!”

அந்தத் துணி என் கடையில் வெட்டிய துணி. ஆறு வாரம் அழித்து அழித்துப் பழகிய பெட்டி அது. அதன் திருத்த எண் ஆஸ்பத்திரிப் பெட்டிகளைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். பட்டியல் காலி என்று அது சொன்னது, மற்றவையெல்லாம் ஆமாம் காலி என்று எழுதிக்கொண்டன. சீட் கவர் தைக்கிறவனுக்கு இது புரிந்தது. சர்டிபிகேட்டுக்குப் பதற்றத்தில் புரியவில்லை.

எழுந்து கண்ணாடிக் கதவுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “நடுவுல வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டோம் சார். பரீட்சை அத்தோட முடிஞ்சதாத்தான் அர்த்தம்.”

உள்ளே பார்த்தேன். அவள் முதுகுதான் தெரிந்தது. வலது கையால் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் போடும்போது அப்படித்தான் செய்வாள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கதவைத் தட்டினால் சர்டிபிகேட் போகும், வேலை போகும். தட்டாவிட்டால் மேஜை மேல் படுத்திருக்கிற யாரோ ஒருவர். போனில் அந்த மனுஷர் அழாத குறையாக “சார், சார்” என்றுகொண்டிருந்தார்.

கதவை விட்டுப் படிக்கட்டுக்கு வந்தேன்.

“நான் சொல்றதைக் கேளுங்க. முதல்ல நீங்க மாட்டின பெட்டியைப் பிடுங்கிக் கடாசுங்க.”

“அதை அப்பவே பிடுங்கிட்டேன் சார். அப்பவும் வரலை.”

“வராது. அது சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சாச்சு. மெயின் பெட்டி முன்னாடி உட்கார்ந்து லிஸ்டைப் புதுசா போடுங்க. ஒரு பெட்டில போட்டா மத்ததெல்லாம் தானா எடுத்துக்கும்.”

“லிஸ்ட் வெச்சிருக்கிற ஃபைல் சர்வர்ல இருக்கு சார். சர்வருக்குப் போக நெட்வொர்க் வேணுமே!”

நல்ல ஏற்பாடு, போங்கள். பூட்டின வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதை.

“எழுதிக்கோங்க” என்றேன். “பத்து, ரிசப்ஷன். இருபது, வார்டு. முப்பது, லேப். முப்பத்தஞ்சு, எக்ஸ்ரே. முதல்ல முப்பத்தஞ்சைப் போடுங்க, தியேட்டர் காத்திட்டிருக்கு.”

தட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு வேர்வை காதுக்குள் வழிந்தது. “என்ட்டர் போட்டுட்டேன்” என்றார். பிறகு யாரோ அவரிடம் ஓடி வந்து என்னவோ சொன்னார்கள். “படம் வந்துடுச்சு சார்! தியேட்டர்ல வந்துடுச்சாம்!”

“நிறுத்தாதீங்க. நாப்பது, மருந்துக் கடை. ஐம்பது, டெலிபோன்…”

பதினொரு எண்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன், ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பதினொன்று ஆனபோது ஆஸ்பத்திரி முழுக்க ஓடியது.

“சார், தப்பா நினைக்காதீங்க” என்றார் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு. “நீங்க எந்தக் கம்பெனி?”

“சீட் கவர்” என்றேன்.

பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ ஸ்டூடியோ வாசலில் நின்று வருகிற போகிற ஆட்களையெல்லாம் பார்த்துச் சிரித்தேன். ஒரு ஆஸ்பத்திரியையே தூக்கி நிறுத்தியிருக்கிறேன், யாருக்காவது தெரியுமா என்று இருந்தது.

பன்னிரண்டு ஐந்துக்கு அவள் வெளியே வந்தாள். கையில் தாள். எண்ணூற்றுப் பன்னிரண்டு. என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். வாசலில் இருந்த பெண்கூடச் சிரித்தாள். நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டு ஒரு அரை மணி நேரம் இருந்திருக்கலாம். என் புத்தி எங்கே சும்மா இருக்கும்? படியிறங்கும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எந்தப் பெட்டி?”

“உன் பெட்டிதான். துணி சுத்தினது.”

“ஐயோ, திருத்த எண்ணை அழிக்கலையே நான்.” நெற்றியில் அறைந்துகொண்டாள். “தியேட்டர்ல ஆள் இருந்தாங்களா? என்ன ஆச்சு அவங்களுக்கு?”

“அதான் சரியாயிடுச்சே. நான்தான் ஒவ்வொரு எண்ணா சொல்லி…”

“நீங்க சொன்னீங்களா? எல்லா எண்ணையுமா? போன்லயா?”

பெருமையாகத் தலையாட்டினேன். அவள் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

மேஜையில் இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் இருபது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார், அவ்வளவுதான். அதைக் கேட்டபிறகுதான் இவள் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். மேனேஜர் மேடத்தின் அறைக்கு வெளியே சர்டிபிகேட் எங்களை மறித்தார். நல்ல மனுஷர், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

“அக்கா, உங்க பெட்டின்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. கரன்ட் ஏறி இறங்குச்சுன்னு எழுதிடலாம். லிஸ்டை நானே போட்டேன்னும் சொல்லிக்கறேன். சார் பேர் வரவே வேணாம்.”

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். “சரின்னு சொல்லு. உன் கையில சர்டிபிகேட் இருக்கு. வாயை விட்டுடாதே.”

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய், பாஸான தாளை மேஜையில் வைத்தாள். வைத்த கையோடு இரண்டையும் சொன்னாள். பெட்டி தன்னுடையது, தன் தவறு. எண்களைச் சொன்னது தன் வீட்டுக்காரர்.

மேடம் தாளை வாசித்துப் பார்த்தார். பிறகு என்னையும் சர்டிபிகேட்டையும் உள்ளே கூப்பிட்டார்.

“எல்லாம் மனப்பாடமா உங்களுக்கு?”

“ஆமாம் மேடம். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.” அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

“பெட்டியோட திருத்த எண்ணை அழிக்காம விட்டது, இந்த வேலையில இருக்கிற எல்லாரும் ஒரு தடவை செய்யற தப்பு. நானும் செஞ்சிருக்கேன்” என்றார் அவளைப் பார்த்து. “அது பெரிசில்லை. ஆனா இந்த ஆஸ்பத்திரியோட உள்விவரம் மொத்தமும் வெளியாள் ஒருத்தர் வாயில இருக்கு. அதை எப்படிம்மா நான் விட முடியும்? கொஞ்சம் நிதானமாப் பார்த்திருந்தா பெட்டியை மாட்டின இவரே எண்களைக் கண்டுபிடிச்சிருப்பாரு. ஒயர் சொருகற ஒவ்வொரு போர்ட்லயும் அந்த எண் எழுதித்தானே இருக்கு? அரை மணி நேரம் ஆகியிருக்கும்.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “மேஜையில ஆளைப் படுக்க வெச்சுக்கிட்டு அரை மணி நேரமா மேடம்?”

“அதுக்கு உங்களுக்கு நன்றி. மனசாரச் சொல்றேன்” என்றார். “இது வேற விஷயம்.”

வேலை இருக்கும். சர்டிபிகேட் வாங்கிவிட்டதால் அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் ஆறு மாதத்துக்கு அவள் நெட்வொர்க் அறைக்குள் தனியாகப் போகக் கூடாது. சாவி சர்டிபிகேட்டிடம் இருக்கும். எண், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் இந்த வாரமே அடியோடு மாற்ற வேண்டும். அவள் கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். வீட்டுச் சாவிக்கும் பீரோச் சாவிக்கும் நடுவில் அது இருந்தது. வளையம் இறுகிப்போய்க் கழற்ற வரவில்லை. நகம் மடங்கி ரத்தம் கட்டியது. சர்டிபிகேட் உதவக் கை நீட்டினார், “வேணாம், நானே எடுத்துடுவேன்” என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் என்னால் பொறுக்க முடியவில்லை. “திட்டிடு. வாய் விட்டுத் திட்டிடு. மனசுல வெச்சுக்காதே” என்றேன்.

“எதுக்குத் திட்டணும்? நீங்க கதவைத் தட்டியிருந்தா என் வேலை போயிருக்கும். சும்மா இருந்திருந்தா அந்த ஆளுக்கு என்ன ஆயிருக்குமோ.” பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்க செஞ்சது தப்பில்லைங்க. உங்களுக்குத் தெரியும்படி வெச்சேன் பாருங்க, அதுதான் தப்பு.” அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

ஒரு வாரம் உட்கார்ந்து எல்லா எண்களையும் மாற்றினார்கள். அவள்தான் தட்டினாள், சர்டிபிகேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். கடைசி நாள் வேலை முடிந்து வந்தவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மெஷினில் ஒரு முதுகுக் கவரை ஓட்டிக்கொண்டே, வாய்ப்பழக்கத்தில், “லேபுக்கு இப்ப என்ன எண் போட்டீங்க?” என்று கேட்டுவிட்டேன். சத்தியமாக வேறு எந்த நினைப்பும் இல்லை. ஆறு வாரம் காலையில் எங்களுக்குள் வேறு பேச்சே இருந்ததில்லை.

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அந்த மேடம் மேல் கோபம் வந்தது, அந்தப் பெட்டி மேல் வந்தது, என் மேலும் வந்தது. மெஷினை நிறுத்தினேன்.

“சொல்ல வேணாம்மா. சும்மா கேட்டேன்.”

“சும்மாகூடக் கேக்காதீங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது. “நீங்க கேட்டா நான் சொல்லிடுவேன்.”